எஞ்சின் மிஸ்ஸிங்: எந்தச் சிலிண்டர், எதனால், எப்படிச் சரிசெய்வது?

“வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது” என்று பட்டறைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினிலுள்ள சிலிண்டர்களுள் ஒன்று, தன் முறை வரும்போது எரிபொருளை எரிக்காமலோ அரைகுறையாக எரித்தோ விட்டுவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான்கு பேர் தூக்கிச் செல்லும் பல்லக்கில் ஒருவர் மட்டும் தோள் கொடுக்காமல் உடன் நடந்தால் பல்லக்கு நகரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் தாழ்ந்து குலுங்கும். எஞ்சினிலும் அதுவே நடக்கிறது.

கார்ப் பழுதுகளில் இது மிகவும் ஒழுங்காகத் தேடிப் பிடிக்கக்கூடிய பழுது. ஆனால் பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை; தீப்பொறி தரும் நான்கு பிளக், அவற்றுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் நான்கு காயில், முடிந்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் என்று மொத்தமாக மாற்றிவிட்டு, குலுக்கம் நிற்கிறதா என்று காத்திருக்கிறார்கள். சில நேரம் நின்றுவிடும். நிற்காதபோது, செலவும் போய், முதலில் கிடைத்திருந்த தடயங்களும் போய்விடுகின்றன. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினையே வைத்துக்கொள்வோம்.

ஒரு சிலிண்டர் எரிய என்ன வேண்டும்?

ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் நான்கு ஓட்டங்களை முடிக்கிறது: காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுப்பது, அந்தக் கலவையை அமுக்குவது, தீப்பொறியால் எரிந்த கலவை பிஸ்டனைக் கீழே தள்ளுவது, எரிந்த புகையை வெளியேற்றுவது. இந்த நான்கும் முடிய, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றாக எரிவதில்லை; பெரும்பாலான எஞ்சின்களில் 1, 3, 4, 2 என்ற வரிசையில், அரைச் சுற்றுக்கு ஒன்றாக எரிகின்றன. வண்டி நின்றபடி எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால், ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறையும், நான்கும் சேர்ந்து 1600 முறையும் எரிய வேண்டும். அவற்றில் 400 வெடிப்புகள் காணாமல் போனால் ஸ்டியரிங் வீலில் வைத்த கை அதை உணர்வதில் வியப்பில்லை.

ஒரு வெடிப்பு நிகழ மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் ஏற்ற விகிதத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு அது எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று. அந்தக் கலவை கசியாமல் அமுக்கப்பட வேண்டும். அமுங்கிய கலவையில் சரியான நொடியில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். எரியாத சிலிண்டரில் இந்த மூன்றில் ஒன்று இல்லை. தேடல் முழுவதும் அந்த ஒன்று எது என்பதற்கான தேடல்தான். டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. அமுக்கத்தின் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடுவதால், அங்கே இன்ஜெக்டரையும் அமுக்கத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வண்டிக்கு எப்படித் தெரிகிறது?

கிராங்க் ஷாஃப்ட்டுடன் சுற்றும் பல்சக்கரம் ஒன்றின் அருகே ஒரு சென்சார் இருக்கிறது. பற்கள் தன்னைக் கடக்கும் நேரத்தை அது அளந்து எஞ்சின் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐடிலிங்கில் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 37 மில்லி நொடி ஆகிறது. ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்ட்டை ஒரு தள்ளுத் தள்ளுவதால், ஒரு வெடிப்பு தவறினால் அந்த அரைச் சுற்று மட்டும் சற்றே நீளும். எந்த அரைச் சுற்று எந்தச் சிலிண்டருக்கு உரியது என்பது கணினிக்குத் தெரியும். எனவே எது தவறியது என்று அதனால் சொல்ல முடிகிறது. கணினி தீப்பொறியையோ எரிதலையோ நேரில் பார்ப்பதில்லை, சுழற்சியின் தாளத்தை மட்டுமே கேட்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அது எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

தவறுதல்கள் ஓர் அளவைத் தாண்டினால் டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியும். அந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டும் என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குள் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியத் தொடங்கும்; கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் பாகம் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அதன்பின் பல மடங்காகிவிடும். விளக்கு மின்னுவதைக் கண்டால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்திவிடுவதே சரி. வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று அழுத்தி ஓட்டிச் செல்லாதீர்கள்.

வேறொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் குலுக்கமும் மிஸ்ஸிங் ஆகாது. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தாலும், ஏசி போடும்போது ஐடிலிங் விழுந்தாலும் வண்டி நடுங்கும். மிஸ்ஸிங்கில் சைலன்சரின் ஓசையே மாறியிருக்கும். சீரான தாளத்துக்கு நடுவே ஓர் அடி விட்டுப்போவது காதுக்கே கேட்கும். பிக்கப் குறையும், மைலேஜ் விழும், புகையில் எரியாத பெட்ரோல் வாடை வரும்.

முதலில் கோடு, பிறகு கை

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகே 16 ஊசிகள் கொண்ட ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஒரு ஸ்கேனரையோ, கைப்பேசியுடன் புளூடூத்தில் இணையும் சிறு கருவியையோ செருகினால் கோடுகளை, அதாவது கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளை (code), படிக்கலாம். பி0301 என்றால் ஒன்றாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. இப்படியே பி0304 வரை. பி0300 என்றால் தவறுதல் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறிமாறி வருகிறது என்று பொருள். சிலிண்டர்களைப் பொதுவாக பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். என்றாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறான முனையிலிருந்து எண்ணிவிட்டால் மேற்கொண்டு செய்வதெல்லாம் தவறிவிடும்.

கோடை உடனே அழித்துவிடாதீர்கள். கோடு பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுமையில் இருந்தது என்ற குறிப்பும் கணினியில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா, மேட்டில் ஏறும்போது வருகிறதா, மழைக்குப் பிறகு வருகிறதா என்பது பாதி விடையைத் தந்துவிடும். பலமாக அழுத்தும்போது மட்டும் வந்தால் தீப்பொறி பலவீனம் என்று முதலில் எண்ணலாம். ஏனெனில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். ஐடிலிங்கில் மோசமாக இருந்து, வேகம் கூடினால் சரியாகிவிடுகிறது என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று எண்ணலாம்.

ஒரே சிலிண்டரைக் காட்டும் கோடு வந்தால், அடுத்துச் செய்ய வேண்டியது இடமாற்றுச் சோதனை. இதற்கு எதையும் வாங்க வேண்டாம். பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேல் தனித்தனிக் காயில் செருகப்பட்டிருக்கும். பி0302 வந்ததாகக் கொள்வோம். எஞ்சின் ஆறிய பிறகு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் கனெக்டரின் கிளிப் எளிதில் உடைந்துவிடும். பொறுமையாக அழுத்தி எடுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால், பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. குற்றவாளி அந்தக் காயில்தான். மறுபடியும் பி0302தான் என்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை மட்டும் அதே போல மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். ஒரு முறைக்கு ஒன்றுதான் என்ற இந்த ஒழுக்கத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சில எஞ்சின்களில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு வேலை செய்யும். 1க்கும் 4க்கும் ஒன்று, 2க்கும் 3க்கும் ஒன்று என்று. அங்கே 1, 4 ஆகிய இரண்டு கோடுகளும் சேர்ந்து வந்தால் அந்தப் பொதுக் காயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய காலத்தில், எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் இறந்த சிலிண்டர் என்று கண்டுபிடித்தார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் இன்றைய காயில்கள் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகின்றன. அந்த மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆபத்து, பாய வழியில்லாமல் திரும்பினால் காயிலும் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

பிளக் சொல்லும் கதை

கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி, வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் வெளிர் பழுப்பாக இருக்கும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. வெளுத்துப்போய்க் கொப்புளம் கண்டிருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பீங்கானில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி அந்த வழியாகவே வெளியே பாய்ந்து வீணாகியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எளிய கேள்வி: பிளக் ஈரமா, உலர்வா? பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறிதான் விழவில்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை.

என் சொந்த வண்டியில் இந்தக் கேள்வியைக் கேட்காததால் இழந்த பணத்தையும் நாள்களையும் இன்றும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் நான்கைந்து நாள் நிறுத்தி வைத்திருந்த வண்டியைக் கிளப்பியதும் குலுங்கியது, கோடு பி0303. ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் மூன்றாவது காயிலையும் புதிதாக மாற்றினார்கள். அன்று மாலை சரியாக ஓடியது. மறுநாள் அதே குலுக்கம், அதே கோடு. கழற்றிய பழைய பிளக்குகளை வீட்டில் எடுத்துப் பார்த்தபோது, மூன்றாவது மட்டும் சுத்தமாக, உலர்ந்திருந்தது. அதன்பின் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனபோது, எலி கடித்து மேலுறை உரிந்த இடம் தட்டுப்பட்டது. இரண்டு இழை செம்பில் அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது; அதிரும்போது விட்டுவிட்டுத் தொட்டது. ஒரு முழம் ஒயரும் கொஞ்சம் ஈயப் பற்றும் அந்தப் பழுதைத் தீர்த்தன. நிறுத்திவைத்த காரில் எலி ஒயரைக் கடிப்பது நம் ஊரில் அன்றாட நிகழ்வு. பானெட்டைத் திறந்ததும் முதலில் ஒயர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

காயிலை உருவும்போது பிளக் அமர்ந்திருக்கும் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். மழையிலோ, எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதாலோ அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் பொறி பக்கவாட்டில் தப்பிவிடும், உலர்த்தினாலே சரியாகலாம். ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் கேஸ்கெட்டும் குழியைச் சுற்றியுள்ள சீலும் கெட்டிருக்கின்றன. அதை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால், காயிலின் ரப்பர் ஆயிலில் ஊறிப் புதியதும் சில மாதங்களில் கெடும்.

பொறி சரி, இன்னும் எரியவில்லை என்றால்

அடுத்தது இன்ஜெக்டர். எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டரின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டினால் ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே கையோ ஆடையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் டிக்கிட்டு ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் ஒயரையும் இன்ஜெக்டரின் சுருளையும் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் அந்தச் சுருளின் தடை 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். டிக்கிட்டாலும் துளை அடைத்திருக்கலாம். அப்போது இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தெளிப்பைச் சோதிக்கும் பட்டறைக்குக் கொடுப்பது நல்லது. பெட்ரோல் குழாயில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும் என்பதால், முதல்முறை செய்பவர் தானாகவே அதைக் கழற்றத் துணிய வேண்டாம்.

பி0300 வந்து எல்லாச் சிலிண்டர்களும் மாறிமாறித் தவறினால், நான்குக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம், அடைத்த ஃபில்டர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, வெடித்த வேக்குவம் குழாய், நீண்ட டைமிங் செயின், நீர் கலந்த பெட்ரோல். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டருக்குள்ளேயே தொடங்கிய மிஸ்ஸிங்கில் இதை மறக்கக்கூடாது.

இங்கே ஆக்ஸிஜன் சென்சார் ஒரு குழப்பத்தை உண்டாக்கும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு, பயன்படாத ஆக்ஸிஜனும் வெளியேறுகிறது. சென்சார் ஆக்ஸிஜனை மட்டுமே பார்ப்பதால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று கணினிக்குச் சொல்லும். கணினியும் இன்னும் பெட்ரோலைக் கூட்டும். இதனால் ஸ்கேனரில் வரும் ஆக்ஸிஜன் சென்சார் கோடைப் பார்த்துச் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் உண்டு. மிஸ்ஸிங் கோடும் ஆக்ஸிஜன் கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கை முதலில் தீருங்கள்.

சிஎன்ஜி பொருத்திய வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு: எரிபொருளை மாற்றிப் பார்க்கலாம். கேஸில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் கேஸ் இன்ஜெக்டரையும், தேய்ந்த பிளக்கையும், களைத்த காயிலையும் பாருங்கள். கேஸை எரிக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவை என்பதால் பலவீனம் அங்கேதான் முதலில் வெளிப்படும். இரண்டிலும் வந்தால் எரிபொருள் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

எல்லாம் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் தவறினால் அமுக்கத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் கனெக்டர்களைப் பிரித்து, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, முள் ஏறுவது நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். தனி எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வேறுபாடே முக்கியம். மூன்று 170க்கு அருகில் இருக்க, ஒன்று 90 காட்டினால், அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ஆயில் அடைத்தது ரிங்கின் இடைவெளியை; ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு இடையேயான கேஸ்கெட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் டேப்பட் இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருந்தால், சரிசெய்தாலே அமுக்கம் திரும்பிவிடக்கூடும்.

திரும்ப மாட்டும்போது

புதிய பிளக்கைக் கையேட்டில் உள்ள எண்ணிலேயே வாங்குங்கள். முனை இடைவெளி பல எஞ்சின்களில் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும், சாதாரண நிக்கல் பிளக்கில் அளந்து சரிசெய்யலாம், மெல்லிய முனை கொண்ட இரிடியம் பிளக்கில் கை வைக்காதீர்கள். குழிக்குள் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து நீக்கிய பிறகே பழைய பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால், எஞ்சின் ஆறியிருக்கும்போது, முதல் சில மரைகளைக் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். கோணலாக ஏறிய பிளக்கை ஸ்பேனரால் அழுத்தினால் ஹெட்டின் மரையே அறுந்துவிடும். கடைசி முறுக்கை டார்க் ரென்ச்சில் கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள்.

பிறகு கோடுகளை அழித்து, இருபது முப்பது கிலோமீட்டர், கொஞ்சம் மேடும் கொஞ்சம் நெரிசலும் உள்ள சாலையில் ஓட்டுங்கள். விளக்கு எரியவில்லை என்பதோடு நின்றுவிடாமல், ஸ்கேனரில் உறுதியாகாத கோடுகள் என்ற பகுதியையும், வசதி இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் தவறுதல் எண்ணிக்கையையும் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே பழுது அங்கே தலைகாட்டும். மறுநாள் காலை, எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, அந்த எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பழைய காயிலைத் தூக்கி எறியலாம்.